பன்னிரண்டு மணிக்கு அரண்மனையில் கூட்டமே இருக்காது

சங்கத்தாரே, இந்த ஆண்டறிக்கையில் இருப்பது அத்தனையும் உண்மை. சென்ற ஜூன் மாதம் நம் வோக்ரெல் ஊர் முதியோர் சங்கம் வெர்சாய் அரண்மனைக்கு ஒரு நாள் போய்வந்ததே, அன்று நடந்ததை நடந்தபடியே சொல்லப் போகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

சரி, ஒரு சொல் கூட்டியிருக்கிறேன். அழுத்திக் கேட்டால் ஒரு கூடை கூட்டியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் பால் லாரி ஓட்டினவன் நான். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை. அந்த ஆசையை எல்லாம் பேச்சில்தான் தீர்த்துக்கொண்டேன்.

அறிக்கையில் 'நான், நான்' என்று எழுதக் கூடாது, அது மரியாதை இல்லை என்று செயலாளர் ஒனோரின் சொல்லிவிட்டாள். நல்லதாகப் போயிற்று. 'நான்' என்று ஆரம்பித்தால் திட்ட மனசு வராது. 'க்ளோவிஸ்' என்று சொன்னால் கூச்சமில்லாமல் திட்டலாம். ஆகவே இது க்ளோவிஸின் கதை. வாசித்து முடித்ததும் நீங்கள் கைதூக்கப் போகிறீர்கள்: தலைவர் நாற்காலி பழையபடி க்ளோவிஸுக்கா, தபால்கார அன்செல்முக்கா என்று.

அந்த நாற்காலி ஒன்றும் சிம்மாசனம் இல்லை. ஒரு கால் குட்டை. அட்டை மடித்து முட்டுக்கொடுத்திருக்கிறது. ஆனால் க்ளோவிஸின் வாழ்க்கையைப் பாருங்கள். லாரி ஹாரன் அடித்தால் மாடுகள் திரும்பிப் பார்த்தன. மனிதர்கள் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் பூனைகூட அவன் கூப்பிட்டால் வராது, அவன் மனைவி கூப்பிட்டால்தான் வரும். அப்படிப்பட்டவனைப் பதினாறு வருஷமாக, மாதம் ஒரு சாயங்காலம், நாற்பத்தேழு பேர் 'தலைவரே' என்று கூப்பிடுகிறார்கள். அது போய்விட்டால் அவனிடம் மிஞ்சுவது ஒரு தொப்பியும் மூட்டுவலியும்தான்.

வெர்சாய் யோசனை எங்கிருந்து வந்தது? அவன் வாயிலிருந்துதான். இளவயதில் வெர்சாய் தோட்டத்தில் வேலை பார்த்ததாக அவன் சொல்லிக்கொண்டு திரிந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் அது ஒரு மாத வேலையாக இருந்தது. முப்பது வயதில் ஒரு வருஷமாயிற்று. ஐம்பதில் அவன் தோட்டத்துக்கே மேஸ்திரி. போன கிறிஸ்துமஸ் விருந்தில் மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு, ராஜாவின் ஆரஞ்சு மரம் ஒன்றே தன் கையால்தான் பிழைத்தது என்றான். அப்போது அன்செல்ம் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்படியா? அப்ப எங்களைக் கூட்டிட்டுப் போய் அந்த மரத்தக் காட்டேன்" என்றான். நாற்பது வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்தவன். எந்த உறை காலி என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான்.

வேறு வழியில்லாமல் ஏற்பாடு தொடங்கியது. அரண்மனைக்குள் போக ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நேரம் குறித்துத் தருவார்கள். பேரன் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விட, க்ளோவிஸ் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். பத்து மணி நிரம்பிவிட்டது. பதினொன்றும் நிரம்பிவிட்டது. இரண்டு, மூன்று எல்லாம் நிரம்பிவிட்டது. பன்னிரண்டு மணி மட்டும் காலியாக, வெயிலில் காய்கிற மைதானம் மாதிரி கிடந்தது. க்ளோவிஸ் துள்ளிக் குதித்தான். பன்னிரண்டு மணிக்குக் கூட்டமே இருக்காது, நாம்தான் கண்ணாடி மண்டபத்தில் ராஜா மாதிரி நடக்கப் போகிறோம் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான். அந்த நேரம் ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பால் கறக்கிற பசுகூட யோசித்திருக்கும். அவன் பிரெஞ்சுக்காரனாகப் பிறந்து அறுபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

காலை ஆறு மணிக்குப் பஸ் கிளம்பியது. ஒன்பதரைக்குத் தோட்டத்தில் நின்றோம். வழிகாட்டி மத்மோசெல் சொலேன், ஒல்லியான பெண், கையில் பச்சைக் குடை. அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் க்ளோவிஸும் திறந்தான். அந்தக் காலத்தில் எல்லா நீரூற்றுக்கும் ஒரே நேரத்தில் போதுமான தண்ணீர் கிடையாது, ராஜா நடந்து வருகிற பக்கம் விசிலடித்துச் சொல்வார்கள், அந்தப் பக்கத்து ஊற்றை மட்டும் திறப்பார்கள், ராஜா தாண்டியதும் மூடிவிடுவார்கள் என்று அவள் சொன்னாள். உடனே க்ளோவிஸ், விசிலடித்தது தன் தாத்தா என்றான். "முசியே, அது முந்நூறு வருஷத்துக்கு முன்னாடிங்க" என்றாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஆயுள் கெட்டி என்றான் க்ளோவிஸ். பின்வரிசையில் அன்செல்ம் மெதுவாக ஒரு விசில் அடித்தான். அன்றைக்கு அவன் அடித்த முதல் விசில் அது. சாயங்காலத்துக்குள் நூறு அடித்திருப்பான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டோம். மூன்று வரிசை தள்ளித் தங்க முலாம் பூசிய கதவு. எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எங்கோ ஒரு மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

நாற்பத்தேழு பேரும் நின்றார்கள். நாற்பத்தேழு பேரும் திரும்பி, பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். ஆட்டுமந்தை திரும்புகிற மாதிரி என்றால் ஆடுகளுக்குக் கோபம் வரும். ஆடுகள் இத்தனை ஒழுங்காகத் திரும்பாது.

க்ளோவிஸ் குறுக்கே ஓடினான். இரண்டு கையையும் விரித்து, நேரம் குறித்தாயிற்று, அரை மணிக்குள் போகாவிட்டால் கதவு சாத்திவிடுவார்கள், சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். சங்கத்தின் நிரந்தர சமையல்காரி இவெத், அவன் கையைக் கிளையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினாள்.

"அப்புறம் பாத்துக்கலாமா? பன்னெண்டு மணிச் சாப்பாட்டையா? க்ளோவிஸ், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பஸ்ஸின் வயிற்றிலிருந்து மடக்கு மேஜைகள் இறங்கின. மாவுக்குள் வாத்துக் கறி அடைத்துச் சுட்ட பெரிய அப்பம் இறங்கியது, அதற்குப் பேர்போன அமியேன் நகரத்துக்காரர்களே பார்த்தால் அழுதிருப்பார்கள். லீக் என்கிற வெங்காயத் தண்டையும் வெண்ணெயையும் வைத்துச் சுட்ட ஃப்ளமிஷ் அப்பம் ஆறு தட்டு. மரோயால் சீஸைத் திறந்தபோது அடித்த நெடியில் பக்கத்துப் பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஆப்பிள் மதுவான சைடர் பாட்டில்கள் ஒரு படைப்பிரிவுக்குப் போதும். நகரக் காவலர் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். இங்கே மேஜை போடக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டு, தன் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

க்ளோவிஸுக்கு இருந்த கடைசி நம்பிக்கை வழிகாட்டிதான். அவள் படித்தவள், அரண்மனையின் பக்கம் நிற்பாள் என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தால் அவள் குடையை மடக்கி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷமா பன்னெண்டு மணிக்கு வெளிநாட்டுக்காரங்களக் கூட்டிட்டு உள்ள போறேன், முசியே. பையில பிஸ்கட்ட வச்சுக் கடிச்சுக்கிட்டே. நம்ம ஆளுங்க யாரும் இந்த நேரத்துக்குப் பதிஞ்சு நான் பாத்ததே இல்ல. அந்த சீஸ இப்படித் தள்ளுங்களேன்."

இந்த இடத்தில் க்ளோவிஸ் என்ன செய்திருக்க வேண்டும்? நல்ல தலைவன் தனியாக வாசலில் நின்றிருப்பான். க்ளோவிஸும் நின்றான். நான்கு நிமிஷம். பிறகு ஒரே ஒரு துண்டு, நின்றபடியே, என்று வாத்துக் கறிப் பக்கம் போனான். நின்று சாப்பிட்டால் செரிக்காது என்று உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவனை எழுப்பப் பளுதூக்கி கொண்டுவர வேண்டியிருந்தது. முதலில் உட்கார்ந்தது யார் என்று கேட்காதீர்கள். கடைசியில் எழுந்தது அவன்தான்.

காப்பி முடிய இரண்டேகால். வாசலில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், க்ளோவிஸின் மீசையில் இருந்த சீஸைப் பார்த்தாள், நாள் முழுக்க நிரம்பிவிட்டது என்று அன்பாகத்தான் சொன்னாள். கண்ணாடி மண்டபத்தை வோக்ரெல் ஊர் பார்க்கவில்லை. கண்ணாடி மண்டபமும் வோக்ரெல் ஊரைப் பார்க்கவில்லை; அதற்கு அதிர்ஷ்டம்.

எல்லோருடைய முகமும் அன்செல்ம் பக்கம் திரும்பியது. ஒரு தலைவன் விழுந்ததும் அடுத்தவனைப் பார்ப்பார்களே, அந்தத் திரும்பல். அன்செல்ம் கத்தவில்லை. நிதானமாக, "உள்ள போறதுதான் போச்சு. தலைவர் பொழைக்க வச்ச அந்த மரத்தையாவது பாத்துட்டுப் போவோம்" என்றான்.

ஆரஞ்சு மரங்களை மே மாதம் மரப்பெட்டியோடு வெளியே உருட்டி வைப்பார்கள், அக்டோபரில் உள்ளே உருட்டிப் போவார்கள். மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தால் கீழே ஆயிரம் பெட்டி, ஆயிரம் மரம், எல்லாம் ஒரே அச்சு. க்ளோவிஸ் விரலை நீட்டினான். அதோ, மூன்றாவது வரிசையில் அது என்றான்.

மத்மோசெல் சொலேன் அவன் காதருகே குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னாள். அந்தப் பாழும் சுவர் குரலை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தது.

"முசியே, அது மாதுளைங்க."

நூறு விசில் அடித்தவன் இப்போது அடிக்கவில்லை. அதுதான் க்ளோவிஸுக்கு அதிகம் உறைத்தது. இன்னொரு மரத்தைக் காட்டியிருக்கலாம். ஆயிரம் இருந்தது. வாயும் திறந்தது. ஆனால் பதினாறு வருஷமாகத் 'தலைவரே' என்று கூப்பிட்ட முகங்கள் எதிரே நின்றன, ஏமாறத் தயாராக, பாவம், அந்த வெயிலில்.

"பதினோரு நாள்தான் வேல பாத்தேன்" என்றான். "பத்தொம்பது வயசு. பதினோராம் நாள் பெட்டிய உருட்டிட்டு வந்து பெரிய தோட்டக்காரர் கால் மேல நிறுத்திட்டேன். எறக்கவும் தெரியல, தூக்கவும் தெரியல. மணி வேற பன்னெண்டு அடிச்சிருச்சா, மத்தவங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க. அவரு கால் மணி நேரம் அப்படியே நின்னாரு. நான் பொழைக்க வச்ச மரம் ஒண்ணுமில்ல. என் பேர் இந்த அரமனையில எங்கயாவது இருந்துச்சுன்னா, அவரு கட்டை விரல்லதான் இருக்கும்."

முதலில் சிரித்தது இவெத். பிறகு நாற்பத்தேழு பேரும். சொலேன் குடையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க, அமியேன் தாண்டும்வரை, யாராவது ஒருவர் எழுந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பெரிய தோட்டக்காரராக நடித்தார். க்ளோவிஸும் நடித்தான். இதற்கு அர்த்தம் மன்னித்துவிட்டார்கள் என்பதா, இனி இவன் வேண்டாம் என்பதா என்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. இந்த நவம்பர்க் கூட்டம்வரை புரியவில்லை.

அறிக்கையை இந்த இடம்வரைதான் க்ளோவிஸால் வாசிக்க முடிந்தது. ஒனோரின் வாக்கெடுப்புக்கு எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் வரிசையில் அன்செல்ம் எழுந்துவிட்டான்.

"அறிக்கை பொய். ஃப்ளமிஷ் ஆறு தட்டு இல்ல, நாலுதான். எனக்கு வரவே இல்ல."

"உனக்கு வரலையா? ரெண்டு தட்ட மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தியே, கிழவா" என்றாள் இவெத்.

அடுத்த வருஷம் மறுபடி வெர்சாய் போய்க் கண்ணாடி மண்டபத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஜன்னலோரத்தில் ஒருவர் சொன்னார். பதினோரு மணிக்குப் பதியலாம் என்றார். பதினோரு மணிக்குப் போனால் பாதியில் பன்னிரண்டு அடிக்காதா என்று இன்னொருவர் மேஜையைத் தட்டினார். அப்படியானால் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடலாம் என்று எவரோ சொல்லித் தொலைத்தார். அரங்கம் இரண்டாகப் பிளந்தது. பதினொன்றரைக்குச் சாப்பிடுகிறவன் மனுஷனா என்று ஒரு பாதி. நாற்காலிகள் நகர்ந்தன. ஒனோரினின் மணி யாருக்கும் கேட்கவில்லை; வாக்கெடுப்பு யாருக்கும் ஞாபகமில்லை. இவெத் அன்செல்மின் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தாள். அன்செல்ம் மூச்சு முட்ட மேடைப் பக்கம் திரும்பினான்.

"தலைவரே, உங்க கண்ணு முன்னாடியே என் சட்டையப் பிடிக்கிறா, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே. உக்காரச் சொல்லுங்க இவள."

"நீ உக்காரு முதல்ல" என்றாள் இவெத், பொத்தானை விடாமல்.