வேலியோரத்துப் பேய்மிரட்டி

கண்டி டவுனில் புடவைக்கடையில் வேலை செய்யும் மரியகொறற்றிக்கு ஒரு ரோசாச் செடிகூட வளர்த்துப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவள் மகாவலிக் கரையில் காடாய்க் கிடந்த பேய்மிரட்டிச் செடியின் விதைகளை உருவி வந்து, அம்பிட்டியில் தன் பக்கத்து வீட்டு வில்பிரட்டின் வேலியை ஒட்டி விதைத்தாள். எல்லாம் வயிற்றெரிச்சல்தான்.

வாய் என்றால் அது வில்பிரட்டின் வாய். அவளுடைய மகள் ஷாமலாவைப் பெண் பார்க்கக் கம்பளையிலிருந்து வந்தவர்களைச் சந்தியிலேயே மறித்து, "அது பேயாடுற புள்ள" என்று சொல்லிவிட்டான். சின்ன வயதில் காய்ச்சலில் ஒரேயொரு தடவை வந்த வலிப்புதான் அந்தப் பேய். வந்தவர்கள் படியேறாமலே திரும்பினார்கள். அதன் பிறகு ஒரு வரனும் எட்டிப் பார்க்கவில்லை.

கண்டி மழைக்கு வேர் அழுகிவிடும் என்று மண்ணை மேடாக்கினாள். நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பக்கக் கிளை வரவைத்தாள். பாசத்தோடு வளர்த்தாள் என்று நான் சொல்லமாட்டேன். கத்தி தீட்டுகிற கவனம் அது. செடி நெஞ்சளவு வளர்ந்து இளம் ஊதாவாய்ப் பூத்தது. பேய் பிடித்த வீட்டில்தான் அதன் இலையைப் புகை போடுவார்கள் என்பது தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் அந்த லேனில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏன் அக்கா, என் வேலிப் பக்கமாவே நட்டிருக்கீங்க?" என்று கேட்டான் வில்பிரட்.

"பேய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான தம்பி நடணும்."

அன்றே அது லேனின் வாட்ஸ்அப்பில் ஓடியது. செடியைப் பிடுங்கி எறியவும் அவனுக்கு வழியில்லை. பிடுங்கினால் பேய் தன் வீட்டில்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வில்பிரட்டின் மகன் கிஷானுக்குச் சம்பந்தம் பேசப் பெண்வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை, மரியகொறற்றி பூசைக்குப் போகாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். பெண்ணின் தாய் வேலியருகே நின்றாள்.

"இது பேய்மிரட்டியில்ல? யாருக்குங்க வச்சிருக்கீங்க?"

மரியகொறற்றி வில்பிரட்டின் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்து, நெற்றியில் தொடங்கி நிதானமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போன பெண்வீட்டார், ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டார்கள். மரியகொறற்றிக்கு வயிறு குளிர்ந்தது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த ஷாமலாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"கிஷான் என்னம்மா செஞ்சான், பாவம்?"

மரியகொறற்றி வாளியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நீ என்னடி செஞ்ச?"