ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு சத்தம்

எங்கள் ஜீப் எங்கள் மகளைவிட மூத்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி. அருமனைப் பக்கம் மேட்டில் கிடக்கும் எங்கள் ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, மழைக்காலத்தில் ஏறிப்போக வேறு எந்த வண்டியாலும் ஆகாது. வளைகுடாவில் இருபது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்த என் கணவர், ஊர் திரும்பிய மாதமே அதை வாங்கிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

அந்தக் காதால்தான் வம்பு வந்தது. மழை தொடங்கிய வாரம், முதல் கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். மேட்டில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் அதே டொக். யாரோ அடியிலிருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவதுபோல இருக்கும். அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

“ஒரு சத்தமும் இல்லட்டி. டீச்சருக்கு வண்டியில இருந்தாலும் பிள்ளையளுக்க சத்தம்தான் கேக்கும்.”

அவருக்குக் கேட்கவில்லை. ஒரு வருஷமாகவே எனக்கு அது தெரியும். குக்கர் விசில் கேட்காது, வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்காது. பட்டறை இரைச்சலில் போன காது. ஆனால் எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவர் என்று அங்கே பேர் வாங்கிய மனிதர். காது போய்விட்டது என்று ஒப்புக்கொண்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவருக்குப் பயம். எனக்கு அது புரியும். புரிந்தாலும் கோபம் வரும்.

அந்த வாரம் கோபப்படக் காரணமும் இருந்தது. எங்கள் ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளே பார்த்துக் கட்டிக்கொண்டவனை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஆறு மாதம் ஆயிற்று. இப்போது மனதில் ஒன்றும் இல்லை, ஆனால் மகளுக்கு அதில் சந்தேகம். செவ்வாய்க்கிழமை ஃபோன் செய்து, “அப்பாட்ட குடும்மா, நானே சொல்லணும்” என்றாள். பிள்ளை உண்டாகியிருக்கிறாள். அவர் ஃபோனைக் காதில் வைத்த வேகத்தில், “சரி சரி, அம்மாட்ட குடுக்கேன்” என்று என்னிடம் நீட்டிவிட்டார். மறுமுனையில் அழுகை. “அப்பாக்கு இன்னும் கோவம் தீரல்ல.” காது கேட்காததுதான் காரணம் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை, சமாளிக்கிறேன் என்று நினைத்தாள். அது அவர் வாயாலேயே வந்தால்தான் தீரும். அவரோ, கேட்டால் “எல்லாம் கேட்டுது” என்று சாதிப்பார்.

சனிக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல காரியம் இல்லை. வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வரும்போது தோளைத் தட்டுகிறேன், கவனியுங்கள் என்றேன். விளைக்குப் போகிற ஏற்றத்தில் டொக் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு சமதரையில், எந்தச் சத்தமும் இல்லாதபோது, தோளைத் தட்டி, “இப்ப! கேட்டியளா?” என்றேன்.

அவர் தலையைச் சாய்த்தார். “கேட்டுது. கிரவுன்தான்.”

பின் அச்சின் நடுவில் உருண்டையாக ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இருக்கிற பெரிய பல்சக்கரம்தான் கிரவுன். மாட்டிக்கொண்டாரே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. வீடு வருவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

வந்ததும் அவர் தார்ப்பாயை விரித்து, பின் அச்சின் எண்ணெயை வடிக்கத் தொடங்கினார். பல்லும் பல்லும் பொருந்துகிற இடைவெளி ஒரு நூல் பிசகினாலும் நல்ல கிரவுன் கெட்டுப்போகும் என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் தட்டியபோது வராத சத்தத்தை நம்பி அதைப் பிரிக்கப் போகிறார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய்க் குத்தவைத்தேன்.

“நான் தட்டினப்போ சத்தமே வரல்ல. பொய் சொன்னேன். ஏத்தத்துலதான் வந்துது, அப்போ தட்டல்ல.”

அவர் அசையவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன்.

“கேட்டுது” என்றார். இந்த முறை உண்மையாகவே கேட்டிருந்தது.

வடித்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். இரும்புத்தூள் இல்லை. கிரவுனுக்கு ஒன்றும் இல்லை என்று அதிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் நுழைந்தார். எஞ்சின் சுற்றுவதைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் இப்படியும் திருகினார். கண்ணை மூடியிருந்தார். முன்பக்கத் தண்டையும் திருகிப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்துக்கே திரும்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. கை வை.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் நுழைந்தேன். தண்டின் முனையில் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இணைப்பு, அதற்குக் கிராஸ் என்று பேர். அவர் திருகியபோது என் விரலடியில் ஒரு பாதி அசைந்தது, மறுபாதி கொஞ்சம் பிந்தித்தான் அசைந்தது. அந்த இடுக்கில் மிளகாய்ப்பொடி நிறத்தில் துரு. கிரீஸ் வற்றி உள்ளே தேய்ந்துவிட்டது என்றார்.

“புதுசு தக்கலையில கிட்டும். மாட்ட ஒரு மணிக்கூர் போதும்” என்றவர், மல்லாந்தபடியே கிடந்தார். “வேற என்னெல்லாம் எனக்குக் கேக்காம போச்சு?”

குக்கரைப் பற்றி நான் சொல்லவில்லை.

“நாலு நாள் முன்ன மக ஃபோன்ல என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“மழை உண்டான்னு கேட்டா.”

“நான் உண்டாயிருக்கேன் அப்பான்னு சொன்னா. நீங்க சரி சரின்னு சொல்லிட்டு எனக்கிட்ட தந்திய. உங்களுக்குக் கோவம் தீரல்லன்னு அவ அழுகா.”

அவர் சட்டென்று எழும்பப் போய் இரும்பில் தலையை இடித்துக்கொண்டார். வெளியே வந்தபோது கை முழுக்கக் கிரீஸ், கண் கலங்கியிருந்தது. நான்தான் மகளின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்தருகே பிடித்தேன்.

“மக்ளே, அப்பாக்குச் செவி கேக்காது” என்றார். “ஒரு வருசமாவே கேக்காது. கோவம் ஒண்ணும் இல்ல. அண்ணைக்குச் சொன்னத இன்னொரு வாட்டி உரக்கச் சொல்லு.”

அவள் கத்திச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். அவருக்குக் கேட்டுவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

“இன்னும் ஒரு வாட்டி சொல்லு மக்ளே” என்றார்.