ஒரு சாண் மூச்சு

டீசல் வாடை எங்கே அடித்தாலும் எனக்குப் பூந்தோட்டம்தான் ஞாபகம் வரும். பூவை வைத்து ஆராய்ச்சி செய்தவளுக்குப் பூ வாசனையல்லவா ஞாபகம் வர வேண்டும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். நாங்கள் வளர்த்த ஜெர்பராப் பூவுக்கு வாசனையே கிடையாது, நான் என்ன செய்ய?

தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூர் மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊருக்கு வடக்கே இருந்த எங்கள் கல்லூரிக்குப் போவேன். அங்கே பண்ணையில் பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடில்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில் பெரிய பெரிய மின்விசிறிகள். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். கரண்ட் எப்போதும் போகும். இன்னொன்றில் விசிறியே இல்லை. கூரையில் ஒரு திறப்பு, பக்கங்களில் ஏற்றி இறக்கும் திரை, அவ்வளவுதான். பெங்களூர்க் காற்று ஒன்றே போதும், கரண்டும் வேண்டாம் டீசலும் வேண்டாம் என்று காட்டுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. செடிகள் என் பொறுப்பு, காற்றும் மின்சாரக் கணக்கும் என் தோழியின் பொறுப்பு. அவள் ஹாசன் பக்கத்துப் பெண். வாயைத் திறந்தால் கன்னடம்தான், தமிழ் சுத்தமாக வராது. நான் தெருவில் கற்ற கன்னடத்தில் அவளோடு மல்லுக்கட்டுவேன்.

காற்று எங்களைக் கைவிட்டது. குளிருக்காகச் சாயங்காலம் திரையை இறுக மூடுவோம். விடிந்து பார்த்தால் உள்ளே கூரையெல்லாம் நீர்முத்து, பூவிதழ்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம். விசிறிக் குடிலில் காலையில் விசிறியைப் போட்டு ஈரத்தை வெளியே தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி ஏது? பேராசிரியர் பொறுமை இழந்தார். இந்த மாதத்துக்குள் பூஞ்சணம் நிற்காவிட்டால் உள்ளே ஒரு விசிறி வைத்துவிடுங்கள் என்றார். விசிறி இல்லாத குடிலில் விசிறி வந்தால் அப்புறம் எங்கே ஆராய்ச்சி? புதுத் தலைப்பு, இன்னொரு வருஷம். வீட்டில் அதுவரை பொறுக்க மாட்டார்கள், ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

போதாக்குறைக்குப் பரீட்சையும் வந்தது. திரை மூடும் வேலையைப் பண்ணைக்குப் புதிதாக வந்த அக்காவிடம் விட்டோம். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், கன்னடம் இன்னும் பிடிபடவில்லை. தோழிதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு வெட்டி வந்த பூக்களில் பூஞ்சணப் புள்ளிகள் குறைந்தன. பிறகு அநேகமாக இல்லவே இல்லை. நான் பழைய இலைகளைக் கிள்ளியதால்தான் என்று நான் சொன்னேன். கூரைத் திறப்பைத் தான் சரிசெய்ததால்தான் என்று அவள் சொன்னாள். இதற்காக ஒரு மதியம் முழுக்கப் பேசாமல்கூட இருந்தோம்.

பரீட்சை முடிந்த சாயங்காலம் தோழியோடு குடிலுக்குப் போனால், திரை முழுதாக மூடியிருக்கவில்லை. மேலே ஒரு சாண் இடைவெளி.

"என்னக்கா, மூடலையா?" என்றேன்.

"அந்தப் பொண்ணுதானேம்மா சொல்லிச்சு? சாயங்காலம் பர்தா மூச்சு விடுன்னு. முழுசா தொறந்தா செடிக்குக் குளிருமேன்னு, மூச்சு விடற அளவுக்கு மட்டும் விட்டிருக்கேன்."

தோழி என் முகத்தைப் பார்த்தாள். "ஏனந்தெ அக்கா?" என்றாள், அக்கா என்ன சொல்கிறார் என்று புரியாமல். என்னால் சொல்ல முடியவில்லை, அப்படிச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது 'பர்தா முச்சிபிடு'. பர்தா என்றால் திரை; கன்னடத்தில் முச்சு என்றால் மூடு, பிடு என்றால் விடு. மூடிவிடு என்று சொன்னதைத்தான் அக்கா மூச்சு விடு என்று கேட்டிருக்கிறார்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், ஆனால் இனிமேல் வேண்டுமென்றே செய்து பாருங்கள் என்றார். குடிலை நடுவில் தடுத்து, ஒரு பாதியை இறுக மூடினோம், மறுபாதியில் ஒரு சாண் விட்டோம். மூடிய பாதியில் பூஞ்சணம் திரும்பி வந்தது. விசிறி வரவேயில்லை.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அங்கேயே வந்து நின்றார். இந்த ஒரு சாண் யோசனை உங்களுக்கு எப்படித் தோன்றியது? காதில் தப்பாக விழுந்த வார்த்தையையா சொல்வது? பின்வரிசையில் தோழி உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல், தமிழில், உதட்டை மட்டும் அசைத்தாள்: மூச்சு விடு. அவள் கற்றிருந்த ஒரே தமிழ் அதுதான். விட்டேன். பிறகு முழுக் கதையையும் சொன்னேன். தேர்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தோழி பிறகு மேல்படிப்புக்கு வெகுதூரம் போனாள். அங்கே கண்ணாடிக் குடில்கள், குளிர்காலம் பூராவும் எரிவாயு எரித்துத்தான் பூ பூக்க வைப்பார்களாம். ஆரம்பத்தில் போன் செய்யும்போதெல்லாம் அழுவாள். ஒருமுறை, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டாள். எனக்கும் அழுகை வந்தது. வந்துவிடு என்று சொல்லத்தான் ஆசை.

"முச்சிபிடு," என்றேன்.

"எந்த பாஷையில சொல்றே?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"அக்காவோட பாஷையில."

அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அவள் திரும்பி வரவில்லை.