கம்பி தின்ற பசு

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். மதராஸில் கால்நடை மருத்துவம் படிக்கும் பையன்கள் கடைசி வருஷத்தில் என்னிடம் பயிற்சிக்கு வருவார்கள். புத்தகத்தில் கரை கண்டவர்கள்தான். நிஜ மாட்டின் பக்கத்தில் போனால் வாய் தந்தியடிக்கும். நானோ முன்கோபி. முணுமுணுத்தால் எரிந்து விழுவேன்.

ஆஸ்பத்திரிக்கு வரும் மாடுகள் போதாதென்று ஒருநாள் நாலு பையன்களைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அங்கே எம். புதுப்பட்டிக்காரர் ஒருவர் தன் பசுவை விற்கப் பிடித்துக்கொண்டு நின்றார். தரகர் துண்டுக்குள் கைவிட்டு, அவர் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவள் பக்கத்தில் நின்றாள். தீப்பெட்டி ஒட்டுகிறவள், புருஷன் இல்லாதவள். ரெண்டு பிள்ளைகளையும் தீப்பெட்டிக் கம்பெனிக்கு அனுப்பாமல் பால் விற்றுப் பிழைக்கலாம் என்று வந்திருந்தாள்.

"அந்தப் பசுவுக்கு என்ன, சொல்லு பார்ப்போம்" என்றேன், ஒல்லியான ஒரு மாணவனிடம்.

அவன் சுற்றிவந்து பார்த்தான். "முன்னங்காலை அகட்டி நிக்குது சார். கழுத்து நரம்பு துடிக்குது, தாடைக்கடியில் லேசா வீங்கியிருக்கு. கம்பியை முழுங்கியிருக்கு, அது நெஞ்சில் ஏறியிருக்கும். பிழைக்காது" என்றான். சத்தமாகவே சொன்னான், நான் பழக்கியபடி.

கம்பி மத்தாப்புக்கு வெட்டிய துண்டுகள் வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குள் போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. நானும் அந்த நரம்பைப் பார்த்துவிட்டேன். பையன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

தரகர் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார்.

புதுப்பட்டிக்காரர் சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் வந்து, "வீட்டுக்காரிய ஆசுபத்திரியில சேத்துட்டு வந்து நிக்கேன் அய்யா. உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பாடம் நடத்துகிறேன் பேர்வழி என்று அவர் வயிற்றில் அல்லவா அடித்துவிட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "டாக்டரய்யா, அந்தத் தம்பி சொல்லுதது நெசமா? நீங்க சொல்லுங்க."

"படிக்கிற பிள்ளை, தெரியாமல் சொல்கிறான். லேசான வீக்கம்தான், சரியாகிவிடும்" என்றேன்.

துண்டு மறுபடி விரிந்தது. விலை முடிந்தது. மாணவனுக்குக் காது சிவந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில், டாக்டருக்கு இரக்கம் வேண்டும் என்று நானே ஒரு பிரசங்கம் செய்தேன். அந்த இரக்கத்தை யார் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாதம் முடிவதற்குள் அவள் தன் ஊரான ஆனைக்குட்டத்திலிருந்து பசுவை நடத்திக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதன் தாடைக்கடியில் ஒரு குடம் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டதுபோல வீக்கம். மூச்சுக்கு மூச்சு முனகியது. அவள் சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியாயிரும்னு சொன்னீகள்ல, இன்னும் வத்தலைய்யா. ஒரு ஊசி போட்டு விடுங்க. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்ன பெறகுதான் எனக்கு வாங்கவே தைரியம் வந்துச்சு" என்றாள். மேஜையிலிருந்த மருந்துப் புட்டிகளை நகர்த்தி வைப்பதுபோல் பாவனை செய்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அந்த வயதுவரை அவ்வளவு கேவலமாக நான் என்னை நினைத்ததில்லை.

"நீ பாரு" என்று அதே மாணவனிடம் சொன்னேன். வேறொருவனைச் சொல்லியிருக்கலாம். அவன்தான் பக்கத்தில் நின்றான்.

அவன் ஸ்டெதாஸ்கோப்பைப் பசுவின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டான். பிறகு அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"இந்த அம்மாகிட்ட என்ன சொல்லணும் சார்?"

கேலியாகக் கேட்டிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். மருந்து எத்தனை சொட்டு என்று கேட்கிற மாதிரி, கற்றுக்கொள்ளத்தான் கேட்டான்.