தேத்தண்ணி சாப்பாடா?

என் ஆறு வயது மகளுக்குப் பித்தக் குழாயில் நீர்க்கட்டி; அதனால் அடிக்கடி மஞ்சள் காமாலை. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் தாதி, "காலையில் சாப்பாடு கொடுக்க வேண்டாம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். விடிந்ததும் பிள்ளை பசியில் அழுதாள். பால்மா போட்டு அரைக் கோப்பை தேத்தண்ணி கொடுத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தேத்தண்ணியை யார் சாப்பாடு என்பார்கள்?

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் விசாரித்தபோது, "ஒன்னுமே சாப்பிடலீங்க" என்றேன்.

"அம்மா தேத்தண்ணி குடுத்தாங்க" என்றாள் மகள்.

மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போயிருந்தால் பிள்ளையே போயிருப்பாள் என்று டொக்டர் திட்டினார். ஒப்பரேஷன் தள்ளிப்போனது. அது நடப்பதற்குள் அவள் மறுபடியும் மஞ்சள் காமாலையில் கிடந்து, பிறகுதான் தேறினாள்.

இப்போது கிளினிக்கில் காணும் தோட்டத்துத் தாய்மாரிடமெல்லாம், "தேத்தண்ணியும் சாப்பாடுதாங்க" என்கிறேன். எத்தனையோ நாள் அதை மட்டுமே குடித்துவிட்டுக் கொழுந்து பறித்தவள் நான். எனக்கே அது தெரியாமல் போனதே.