பஸ்ஸில் நான் வரைந்த கண்கள்

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் ஒரு மனிதனை அடித்துக் கொல்லப் பார்க்கிறது. ஆயுதம், நான் வரைந்த படம்.

சரவணம்பட்டி பஸ்ஸில் தினமும் வருகிற வடமாநிலத் தொழிலாளி அவர். இன்று காலை அவருடைய மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வரைந்து ஸ்டேட்டஸில் போட்டேன்.

மதியம் அதே படம் குரூப்பில் வந்தது. அபார்ட்மென்ட் செயலாளர் எழுதியிருந்தார்: 'பிள்ளை பிடிக்கிற வடக்கன். உஷார்.'

பதறிப்போய் போன் செய்தேன். "அண்ணா, அது அவரோட கொழந்தைதானுங்க."

"பெத்தவன் பார்வை இப்படி இருக்குமுங்களா அம்மணி? நீங்க வரைஞ்ச கண்ணை நீங்களே பாருங்க."

பார்த்தேன். தூக்கத்தில் சொக்கிய கண்களைத் திருட்டுக் கண்களாக வரைந்திருக்கிறேன். அவர் எதிரே உட்கார்ந்ததும் கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டவள்தானே நான்.

அவர் காலரை அந்தக் குழந்தை இறுகப் பிடித்திருப்பதும் அதே படத்தில் இருக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை.

நாளைக்கும் அவர் மகளோடு அதே பஸ்ஸில்தான் ஏறுவார். படம் எத்தனை குரூப்புக்குப் போனதோ, தெரியாது.

"படத்தை அழிச்சுப்போட்டு, சொன்னது பொய்னு எழுதுங்கண்ணா" என்று குரூப்பிலேயே கேட்டுவிட்டேன். எல்லோரும் படித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் என் ஓவியத்துக்குக் கைதட்டியிருக்கிறார்.