கிணற்றடிக் காடும் ஓட்டு மேடும்

பெரியப்பா பாகம் பிரித்த நாளை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. அப்பா காய்ச்சலில் போய் வருஷம் திரும்பியிருந்தது. வீட்டில் அம்மாவும் ஒரே மகளான நானும்தான். ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த நிலத்தில் உருப்படியானது கிணற்றடிக் காடுதான். அந்தக் கிணற்றை அப்பா தானே இறங்கி வெட்டினார். பெரியப்பா அதைத் தன் பங்கில் வைத்துக்கொண்டு, ஏர் பூட்டினால் பானை ஓடாகக் கிளம்பும் ஓட்டு மேட்டை எங்கள் பக்கம் தள்ளினார். கிணற்றில் பாதியாவது வேண்டுமென்று அம்மா கேட்டாள்.

"ஆம்பள இல்லாத வீட்டுக்குக் கெணறு என்னத்துக்கு?" என்றார் பெரியப்பா, ஊர்ப் பெரியமனிதர்களை வைத்துக்கொண்டே.

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நாசமாய்ப் போவார்கள். இந்தக் கிணற்றை இவர் கையிலிருந்து பிடுங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன். அம்மா வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அதற்கப்புறம் நான் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, தீபாவளி லோடெல்லாம் போய்க் கம்பெனி மந்தமாக இருந்த சமயம், தொல்லியல்காரர்கள் எங்கள் மேட்டைத் தோண்ட வந்தார்கள். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, கொத்தனார் கரண்டியால் மண்ணைச் சுரண்டினார்கள். ஓடு கழுவுகிற வேலை எனக்கு. ஒரு நாள் மண் கரைய, சிவப்பு ஓட்டில் சீப்பால் இழுத்தமாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. எழுத்து வருவதற்கு முந்தைய காலத்து ஊர் இது என்றார் அதிகாரியம்மா. அப்படியே, இனி இங்கே உழவும் கூடாது, கட்டடமும் கூடாது, பலகை வைத்துவிடுவோம் என்றும் சொன்னார். இருந்த மேடும் போச்சே என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

பெரியப்பா தினமும் வரப்பில் நின்று பார்ப்பார். கோடு போட்ட ஓடுகளைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் பூட்டி, ஜீப்பில் ஏற்றுவார்கள். ஓட்டாஞ்சில்லுக்கு யாராவது பஞ்சு வைப்பார்களா? புதையல்தான் என்று முடிவு கட்டிவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. புதையல் பூமிக்குப் பூசணிக்காய் உடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவர் வரப்பில் நிற்கிற நேரமாகப் பார்த்து, மேட்டோரத்தில் சூடம் கொளுத்திக் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்தேன்.

மறுநாளே சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தனை வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத மனுஷன்.

"அங்கன என்னத்தா கெடைச்சது?"

"பானை ஓடுதான் பெரியப்பா. இனிமே அங்கன ஒண்ணுஞ் செய்ய விடமாட்டாகளாம். பலகை வைக்கப் போறாக."

அம்புட்டும் உண்மை. அவர் சிரித்தார். யாரிடம் கதை விடுகிறாய் என்கிற சிரிப்பு. மேட்டை எனக்குக் கொடுங்கள், பதிலுக்குக் காட்டில் ஒரு துண்டு தருகிறேன் என்றார். எங்கள் பங்கே எங்களுக்குப் போதும் என்றேன். முழுக் காட்டுக்கு ஏறினார். அப்போதும் நான் அசையவில்லை. கடைசியில் கிணறும் சேர்த்துத்தான் என்று அவர் வாயாலேயே வந்தது. சேவை நான் நன்றாக மென்று தின்றேன். அந்த வாரமே பத்திரம் பதிந்தது.

கோடையில் குழிகளை மூடிவிட்டு அவர்கள் போனார்கள். ஒரு பொட்டுத் தங்கமில்லை. அப்புறம் பலகை வந்தது. பட்டாசுக் கம்பெனிக்கு ஷெட் போட்டு வாடகைக்கு விடலாமென்று பெரியப்பா கல் இறக்கினார், அதையும் நிறுத்திவிட்டார்கள். ஊரே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கிணற்றடிக் காட்டை ஒட்டிக் குத்தகைக்குப் பிடித்த நிலத்தில் அவர் போட்ட மிளகாய் வாடிச் சுருண்டது. ஒரு காலையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்தார். ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிறேன் என்று கேட்டார். இதற்காகவே நான் வருஷக்கணக்காகச் சொல் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"இது ஆம்பள இல்லாத வீட்டுக் கெணறு அத்தான். ஒங்க மொளகாய்க்குச் சேராது."

சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் எங்கள் வாய்க்காலில் பாய்ந்தது.